தரவுத்தள வழு வந்தால் நிற்பதா, தொடர்வதா? கையாளும் முறைகளின் ஒப்பீடு

திருகோணமலையில் விடுதிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களிடமிருந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படித்து வெளியேறிய இளையவர்கள் உட்பட, ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பில் எழுதப்பட்டு நீண்ட காலம் ஓடிக்கொண்டிருந்த முன்பதிவுச் செய்நிரல், ஹோஸ்டிங் சேவையகம் 8 ஆம் பதிப்புக்கு மாற்றப்பட்டதும் சில பக்கங்களில் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டுகிறது. தேடிப் பார்த்தால் ஒரு வரித் தீர்வு கிடைக்கிறது: செய்நிரலைத் தரவுத்தளத்தோடு பேசவைக்கும் பிடிஓ நூலகத்தின் வழு முறையை 'சைலன்ட்' என்று அமைத்தால் பக்கம் மறுபடி திறக்கும். அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதா, அல்லது செய்நிரல் முழுவதையும், வழு வந்ததும் ஓட்டத்தை முறிக்கும் விதிவிலக்கு முறைக்கு மாற்றுவதா என்பதே கேள்வி.

மாற்றத்தின் காரணம் தெளிவானது. 2020 நவம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.0 முதல், பிடிஓ நூலகம் எதையும் குறிப்பிடாதவிடத்து விதிவிலக்கை எழுப்புகிறது. அதற்கு முன்பு வழுவைத் தனக்குள் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தது. 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கான இன்னொரு நூலகமான மைஎஸ்கியூஎல்ஐயும் அதே வழிக்கு வந்தது. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டதால், ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாற்றச் சொல்வதும் நியாயமே. ஆகவே இன்று வெள்ளைத் திரை வரும் பக்கங்களிற் பல, இதுநாள்வரை உள்ளூர வழு விட்டுக்கொண்டிருந்த பக்கங்கள்தாம். அந்த வழுக்கள் எதைப் பாதித்தன என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கேள்வி பிஎச்பியில் எழுந்தாலும் தெரிவு அந்த மொழிக்கு மட்டும் உரியதன்று. பேர்ள் மொழியின் டிபிஐ, ஜாவாவின் ஜேடிபிசி, பைத்தானின் தரவுத்தள நூலகங்கள், கோ மொழியின் நூலகம் ஆகிய எல்லாவற்றிலும் வேறு வேறு பெயர்களில் இந்த வழிகளுள் ஒன்றோ பலவோ இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியின் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் ஓர் அறைக்கு ஒரே நேரத்தில் இருவர் முயல்வது வழமை. ஒரு முன்பதிவுக்கு மூன்று கூற்றுகள், அதாவது தரவுத்தளத்துக்கான கட்டளைகள், ஓடுகின்றன. முதலாவது, விருந்தினரின் பெயரோடு முன்பதிவை எழுதுகிறது. இரண்டாவது, வாங்கிய முற்பணத்தை எழுதுகிறது. மூன்றாவது, ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பதிவாக அறையைப் பிடித்து வைக்கிறது. அந்த அட்டவணையில் அறை இலக்கமும் திகதியும் சேர்ந்து ஒரு தனித்துவச் சாவி என்பதால், ஒரே அறையை ஒரே இரவில் இருவருக்குக் கொடுக்கத் தரவுத்தளம் விடாது. இந்த மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும், அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது. இப்படிச் சேர்த்துக் கட்டிய தொகுதியே பரிவர்த்தனை.

இந்த எடுத்துக்காட்டை வைத்து ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். எழுதுபவர் சோதிக்க மறந்தால் செய்நிரல் நிற்குமா, ஓடுமா என்பது முதலாவது. ஒரு கூற்று தவறினால் முழுப் பரிவர்த்தனையும் திரும்புமா என்பது இரண்டாவது. எதிர்பார்த்த வழுவையும் எதிர்பாராத வழுவையும் பிரித்தறிய முடியுமா என்பது மூன்றாவது. விருந்தினர் முன் என்ன தெரிகிறது, பராமரிப்பவர் கைக்கு என்ன கிடைக்கிறது என்பது நான்காவது. பழைய செய்நிரலை மாற்ற எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது ஐந்தாவது. இவற்றுள் முதலாவதற்கே நான் மிகுந்த எடை கொடுக்கிறேன். மற்ற நான்கையும் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மறதி எல்லாருக்கும் வரும், அது எந்த வரியில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

## மௌன முறை: திரும்பி வரும் மதிப்பைச் சோதித்தல்

இந்த முறையில் கூற்று தவறினால் நூலகம் 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்கு வழிவிடுகிறது. வழுவின் விபரம் நூலகத்தின் உள்ளே காத்திருக்கும், கேட்டால் சொல்லும். ஒவ்வொரு கூற்றின் பின்னும் கேட்பவருக்கு இதில் குறை எதுவும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது எந்தத் தரவுத்தளம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

மைஎஸ்கியூஎல் சேவையகத்தில் முற்பணக் கூற்று மட்டும் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு எழுதப்பட்டுவிட்டது, அறையும் பிடிக்கப்பட்டுவிட்டது, கடைசியில், எழுதியவற்றை நிலைப்படுத்தச் சொல்லும் கொமிட் கட்டளை போகிறது. சேவையகம் வெற்றி பெற்ற இரண்டையும் நிலைப்படுத்திவிடும்; தவறிய ஒன்றைப் பற்றி அது கவலைப்படாது. விருந்தினர் கையில் பற்றுச்சீட்டு இருக்கும், அறையும் அவர் பெயரில் இருக்கும், பணம் மட்டும் கணக்கில் இராது. மாத முடிவில் முதலாளி "தம்பி, துண்டு இருக்கு, கணக்கில காசு இல்லையே" என்று கேட்கும்போது, தேடுவதற்கு ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது.

போஸ்ட்கிரெஸ் சேவையகத்தில் அதே செய்நிரல் வேறு விதமாகக் கெடும். ஒரு பரிவர்த்தனைக்குள் ஒரு கூற்று தவறியதும் அது முழுப் பரிவர்த்தனையையும் முறிந்ததாகக் கருதி, பின்வரும் கூற்றுகள் எல்லாவற்றையும் நிராகரிக்கிறது. கடைசியில் கொமிட் அனுப்பினால் அது ரோல்பேக் செய்துவிட்டு, அதாவது எழுதியவற்றைத் திருப்பிவிட்டு, 'ரோல்பேக்' என்றே பதிலும் சொல்கிறது. ஆனால் அதை வழுவாகச் சொல்வதில்லை. அந்தப் பதிலைப் படித்துப் பார்த்து எச்சரிக்கும் இயக்கிகள் (செய்நிரலைத் தரவுத்தளத்தோடு இணைப்பவை) சில உண்டு. படிக்காத இயக்கி வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். இங்கே தரவுத்தளம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பற்றுச்சீட்டு அச்சாகிவிடுகிறது. பயணப் பையோடு வந்து நிற்கும் குடும்பத்துக்கு அறை இல்லை.

முட்டுக்கட்டை வழு இன்னும் கடுமையானது. இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றது காத்திருந்தால், மைஎஸ்கியூஎல்லில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதியான இனோடிபி இயந்திரம் ஒன்றைத் தெரிந்தெடுத்து 1213 என்ற வழுவோடு முழுவதுமாகத் திருப்பிவிடுகிறது. அந்தக் கணத்தில் பரிவர்த்தனை முடிந்துவிட்டது. செய்நிரல் அதை அறியாமல் அடுத்த கூற்றை அனுப்பினால், அது பரிவர்த்தனைக்கு வெளியே, தனியாக, உடனடியாக நிலைப்படும். முன்பதிவும் முற்பணமும் மறைந்து, யாருடையது என்று தெரியாத அறைப் பிடிப்பு ஒன்று மட்டும் அட்டவணையில் தங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் இரண்டு. கூற்றை இயக்குவதற்கு முன் தயார்செய்யும் படியே தவறிப் 'பொய்' திரும்பினால், அடுத்த வரியில் அந்தப் 'பொய்'யை இயக்க முயன்று செய்நிரல் விழும். வரும் செய்தி தரவுத்தளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மைஎஸ்கியூஎல்லுக்கான பிடிஓ, இயல்பாகத் தயார்செய்தலைச் சேவையகத்திடம் விடாமல் தானே போலியாகச் செய்துவிடுவதால், தவறான அட்டவணைப் பெயர்கூட இயக்கும் வரியில்தான் வெளிப்படும். அத்துடன், தவறிய எழுத்துக்குப் பின் புதிய பதிவுக்குத் தரவுத்தளம் தானாகக் கொடுத்த கடைசி இலக்கத்தைக் கேட்டால் வரும் மதிப்பை நம்ப முடியாது. அதை வைத்து முற்பணத்தை எழுதினால் அது வேறொருவரின் முன்பதிவில் போய் ஒட்டிக்கொள்ளவும் இடமுண்டு.

மௌன முறை பொருந்தும் இடங்கள் உண்டு. பக்கத்தைப் பார்த்தவர் எண்ணிக்கையைக் கூட்டுவது, பழைய தற்காலிகப் பதிவுகளை அழிப்பது போன்ற, தவறினாலும் ஒருவருக்கும் நட்டமில்லாத தனிக் கூற்றுகளுக்கு அது போதும். பழைய எக்செல் கோப்பிலிருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளை ஏற்றி, எவை தவறின என்ற பட்டியலை மட்டும் பெறவேண்டிய வேலைக்கும் அது வசதியானது. போஸ்ட்கிரெஸ்ஸில் அந்த ஏற்றுதலை ஒரே பரிவர்த்தனைக்குள் செய்தால், ஒவ்வொரு பதிவுக்கு முன்பும், தவறினால் அதுவரை மட்டும் திரும்பக்கூடிய ஒரு சேமிப்புப் புள்ளி வைக்க வேண்டும்.

## எச்சரிக்கையை அச்சிடும் முறை

பிடிஓவில் இது நடுவழி. பேர்ளின் டிபிஐயில் எதையும் அமைக்காவிட்டால் நடப்பதும் இதுவே. வழு அச்சாகும், செய்நிரல் தொடரும். மேலே சொன்ன மூன்று கேடுகளும் அப்படியே நடக்கும். பார்ப்பதற்கு ஒரு வரி மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். படிக்கும் மாணவருக்கும், தன் மேசைக் கணினியில் முயன்று பார்ப்பவருக்கும் உதவும். பணம் புழங்கும் இடத்தில் இதைத் தெரிவுசெய்ய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

## விதிவிலக்கு முறை

கூற்று தவறியதும் ஓட்டம் அந்த இடத்திலேயே முறிந்து, யாராவது பிடிக்கும்வரை மேல்நோக்கிச் செல்கிறது. எழுதுபவர் மறந்தால் செய்நிரல் நிற்கிறது. மூன்றாவது கூற்று ஓடாது, கொமிட்டும் ஓடாது. முதல் அளவுகோலில் இந்த முறை தெளிவாக முன்னிற்கிறது. டிபிஐயில் 'ரெய்ஸ்எரர்' என்பதை இயக்கினால் இதே நடத்தை கிடைக்கும். பைத்தான் நூலகங்களுக்கு வேறு வழியே இல்லை. அவற்றின் பொது விதியான பெப் 249, வழுக்களை வகைவகையான விதிவிலக்குகளாகவே எழுப்பச் சொல்கிறது.

ஆனால் விதிவிலக்கு முறைக்கு மாறிவிட்டோம் என்று சொல்லும் பல செய்நிரல்கள் உண்மையில் மாறியிருப்பதில்லை. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக 'முயல்–பிடி' கட்டமைப்புக்குள் அடைத்து, பிடிக்கும் பகுதியை வெறுமையாக விட்டிருப்பார்கள், அல்லது செய்தியை எதிரொலித்துவிட்டு அப்படியே தொடர்ந்திருப்பார்கள். அது மௌன முறையையே கூடுதல் வரிகளில் எழுதியதாகும். பிடிக்கவேண்டிய இடங்கள் மூன்றே. பரிவர்த்தனையின் எல்லையில் ஒரு முறை பிடித்து, ரோல்பேக் செய்து, அதே விதிவிலக்கை மறுபடி மேலே எறிய வேண்டும். செய்நிரலின் வெளி வாசலில் ஒரு முறை பிடித்து, விபரம் முழுவதையும் பதிவேட்டில் எழுதி, விருந்தினருக்குப் பணிவான ஒரு தமிழ் வாக்கியத்தைக் காட்ட வேண்டும். இவை இரண்டுக்கும் மேலாக, எதிர்பார்த்த ஒரு வழுவுக்கு மட்டும் மிகக் குறுகிய ஒரு பிடி வேண்டும்: அறை ஏற்கெனவே போய்விட்டது என்பதற்கு.

அந்தக் குறுகிய பிடியில் கவனம் தேவை. பிடிஓவில் எல்லா வழுவுக்கும் ஒரே விதிவிலக்கு வகைதான் உண்டு. அதன் குறியீடாக வருவது எஸ்கியூஎல்ஸ்டேட் எனப்படும் ஐந்தெழுத்துக் குறி. மைஎஸ்கியூஎல்லில், சாவி இரட்டித்தாலும் 23000, கட்டாயப் புலம் வெறுமையாக இருந்தாலும் 23000, இல்லாத விருந்தினர் இலக்கத்தைச் சுட்டினாலும் 23000. அதை மட்டும் பார்த்து "அந்த அறை ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று சொன்னால், பெயரை எழுத மறந்தவருக்கும் அதே பதில் போகும். விதிவிலக்கோடு வரும் வழுத் தகவலின் இரண்டாம் உறுப்பில் சேவையகத்தின் சொந்த இலக்கம் இருக்கிறது: இரட்டித்த சாவிக்கு 1062, வெறுமையான புலத்துக்கு 1048, இல்லாத தாய்ப் பதிவுக்கு 1452. போஸ்ட்கிரெஸ் இவற்றை எஸ்கியூஎல்ஸ்டேட்டிலேயே பிரித்து, முறையே 23505, 23502, 23503 என்று தருகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கும் உண்டு. யாரும் பிடிக்காத விதிவிலக்கு, வழுக்களைத் திரையில் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், தன் தடயத்தை முழுமையாக விருந்தினர் முன் கொட்டிவிடும். பிடிஓவின் இணைப்பு, வழு முறை எதுவாக இருந்தாலும், தவறும்போது விதிவிலக்கையே எழுப்பும்; பழைய பதிப்புகளில் அந்தத் தடயத்தில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் வந்துவிடக்கூடும். பிஎச்பி 8.2 முதல் அது மறைக்கப்படுகிறது. எந்தப் பதிப்பாயினும், பொதுமக்கள் பார்க்கும் சேவையகத்தில் அந்தத் திரைக் காட்சியை மூடிவைக்க வேண்டும்.

அடுத்தது ரோல்பேக்கே தவறுவது. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை ஒன்று பரிவர்த்தனையின் நடுவே ஓடினால், அதுவரை நடந்தவை தாமாகவே நிலைப்பட்டுவிடும். அதன் பின் ரோல்பேக் அழைத்தால், பிஎச்பி 8 இல் 'நடப்பில் பரிவர்த்தனை இல்லை' என்று இன்னொரு விதிவிலக்கு எழுந்து, மூல வழுவுக்கு முன்னால் வந்து நிற்கும். பரிவர்த்தனை நடப்பில் உள்ளதா என்று கேட்டுவிட்டு ரோல்பேக் செய்தால் இது நேராது. பழைய அட்டவணைகள் பரிவர்த்தனையே அறியாத மைஐஎஸ்ஏஎம் இயந்திரத்தில் இருந்தால் ரோல்பேக் எதையும் திருப்பாது. விதிவிலக்கு சரியாக எழுந்தும், சரியாகப் பிடித்தும், முதற்கூற்று எழுதியது அப்படியே இருக்கும். நெடுங்காலமாகக் கைமாறி வரும் தரவுத்தளக் கோப்புகளில் இந்த இயந்திரப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டு வருவதால், வழு முறையை மாற்றுவதற்கு முன் அட்டவணைகளின் இயந்திரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஜாவாவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஸ்பிரிங் சட்டகத்தின் (செய்நிரலுக்கான ஆயத்தக் கட்டமைப்பு) பரிவர்த்தனைக் குறிப்பு, இயல்பாக, சரிபார்க்கப்படாத, அதாவது கையாளும்படி தொகுப்பி கட்டாயப்படுத்தாத, விதிவிலக்குகளுக்கு மட்டுமே ரோல்பேக் செய்கிறது. ஜேடிபிசியின் எஸ்கியூஎல் விதிவிலக்கோ சரிபார்க்கப்படும் வகை. அதை நேரடியாக மேலே எறிந்தால் பரிவர்த்தனை கொமிட் ஆகிவிடும். ஸ்பிரிங்கின் சொந்த வார்ப்புரு வழியாகக் கூற்றுகளை ஓட்டினால், அது வழுவைச் சரிபார்க்கப்படாத வகைக்கு மாற்றித் தருவதால் இந்தக் கேடு இல்லை.

## வழுவை மதிப்பாகக் கையில் தரும் முறை

கோ மொழி விதிவிலக்கு எழுப்புவதில்லை. ஒவ்வொரு அழைப்பும் விடையோடு சேர்த்து வழுவையும் ஒரு மதிப்பாகத் தருகிறது. பார்வைக்கு மௌன முறை போன்றிருந்தாலும், வழு எழுதுபவரின் கண்ணெதிரே வந்து நிற்பதும், வாங்கி வைத்த மாறியைப் பயன்படுத்தாமல் விட்டால் தொகுப்பி பல இடங்களில் மறுப்பதும் பெரிய வேறுபாடு. ஆயினும் ஓட்டை இல்லாமல் இல்லை. பதிவுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சுற்று, இணைப்பு நடுவில் அறுந்தாலும் வழமைபோல முடிந்ததாகவே தோன்றும். சுற்று முடிந்த பின் வழு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காதவரின் அறிக்கையில் பாதி முன்பதிவுகள் மட்டுமே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் சரியானது போலத் தோன்றும். பரிவர்த்தனையைத் திறந்த உடனேயே செயற்கூறு முடியும்போது ஓடும்படி ரோல்பேக்கைப் பிற்போட்டு எழுதிவிடுவது கோ மொழியில் நல்ல பழக்கம். கொமிட் ஆகிவிட்டிருந்தால் அந்த ரோல்பேக் தீங்கின்றிப் போய்விடும்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு, அதுவும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்தும் பழக்கம் உள்ள குழுவுக்கு, இது நல்ல தெரிவு. தனியாளாக மூன்று நான்கு வாடிக்கையாளரைப் பார்ப்பவர் இதற்காக மட்டும் மொழி மாறத் தேவையில்லை.

## சட்டகத்தின் மையக் கையாளியிடம் விடுவது

லாராவெல் போன்ற சட்டகங்கள் வெளி வாசல் பிடியைத் தாமே வைத்திருக்கின்றன. லாராவெல்லின் பரிவர்த்தனைச் செயற்கூறு, உள்ளே விதிவிலக்கு எழுந்தால் ரோல்பேக் செய்து மறுபடி எறிகிறது. இரண்டாம் அளபுருவாக ஓர் எண்ணைக் கொடுத்தால் முட்டுக்கட்டை வரும்போது அத்தனை முறை முழுப் பரிவர்த்தனையையும் தொடக்கத்திலிருந்து முயல்கிறது. கையால் எழுதினால் பலர் தவறவிடும் பகுதி இதுதான். ஏனெனில் 1213 வந்தால் எல்லாம் திரும்பிவிட்டிருக்கும். ஆனால் பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்ததைச் சொல்லும் 1205 வந்தால், இயல்பான அமைப்பில் அந்த ஒரு கூற்று மட்டுமே திரும்பியிருக்கும், மற்றவை இன்னும் திறந்தபடியே இருக்கும். அந்தக் காத்திருப்பின் இயல்பான அளவு 50 விநாடி. வரவேற்பு மேசையில் நிற்பவருக்கு அது மிக நீண்ட நேரம்.

இதன் மறைசெலவு, நூலகத்தைச் சுற்றித் தாமே ஒரு உறையை எழுதிக்கொள்பவர்களிடம் தெரிகிறது. எல்லா வழுவையும் பிடித்து 'தரவுத்தள வழு' என்ற தம் சொந்த விதிவிலக்காக மாற்றி எறிவார்கள். மூல விதிவிலக்கை அதனோடு இணைக்கமாட்டார்கள். 1062 எங்கே, 1213 எங்கே என்ற வேறுபாடு அங்கேயே அழிந்துவிடும். பிஎச்பியில் புதிய விதிவிலக்கின் மூன்றாம் அளபுருவாக மூலத்தைக் கொடுத்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மௌன முறை | எச்சரிக்கை முறை | விதிவிலக்கு முறை | வழு மதிப்பாக | சட்டகத்தின் கையாளி |
|---|---|---|---|---|---|
| மறந்தால் | தொடரும் | தொடரும் | நிற்கும் | பெரும்பாலும் கண்ணில் படும் | நிற்கும் |
| பரிவர்த்தனை திரும்புதல் | முழுவதும் எழுதுபவர் பொறுப்பு | எழுதுபவர் பொறுப்பு | எல்லையில் ஒரு பிடி போதும் | பிற்போட்ட ரோல்பேக் போதும் | தானாக |
| வழுவைப் பிரித்தறிதல் | கேட்டால் கிடைக்கும் | அச்சான வரியில் | குறியீட்டோடு வரும் | குறியீட்டோடு வரும் | மூலத்தை இணைத்தால் வரும் |
| விருந்தினர் காண்பது | பொய்யான வெற்றி | உள் விபரம் கசியலாம் | வாசலில் பிடிக்காவிட்டால் வெள்ளைத் திரை | எழுதியதைப் பொறுத்தது | ஒழுங்கான பக்கம் |
| பழையதை மாற்றும் உழைப்பு | ஒரு வரி | ஒரு வரி | நடுத்தரம் | மொழியே மாறும் | பெரியது |

## எந்த முறையும் தீர்க்காதவை

தெரிவு எதுவாயினும் மூன்று இடங்கள் வெளியே நிற்கின்றன. முதலாவது, கொமிட் அனுப்பிய பின் இணைப்பு அறுவது. விடுதி நிலாவெளியில், சேவையகம் வெளிநாட்டில், இடையில் ஒரு தொலைபேசி வலையமைப்பு. மழைக்காலத்தில் மின்சாரமும் போய்வரும். விடுதிக் கணினிக்குப் பதில் வராமற்போகலாம், செய்நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு அறுந்து 2006 அல்லது 2013 என்ற வழு வரலாம். கொமிட் நடந்ததா இல்லையா என்பதை அந்த இலக்கம் சொல்லாது. மறுபடி அனுப்பினால் இரட்டை முற்பணம், அனுப்பாவிட்டால் முற்பணமே இல்லை என்ற இக்கட்டு. படிவம் திறக்கும்போதே எதிர்வுகூற முடியாத ஒரு தனி இலக்கத்தை உருவாக்கி, அதை முன்பதிவோடு சேர்த்து எழுதி, அந்தப் புலத்துக்கும் தனித்துவச் சாவி வைத்துவிட்டால், மறுபடி அனுப்புவதில் அச்சமில்லை. முதல் முறை நடந்திருந்தால் இரண்டாம் முறை 1062 வரும். எந்தச் சாவி இரட்டித்தது என்பதைச் செய்தியிலுள்ள சாவிப் பெயர் காட்டும். இந்த இலக்கத்தின் சாவியாக இருந்தால் அது வெற்றியின் அடையாளம்.

இரண்டாவது, வழுவாகவே வராத இழப்பு. தமிழில் பெயர் எழுதுபவர்களை இது நேரடியாகத் தொடுகிறது. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கண்டிப்பு முறை இயல்பாக இயங்குகிறது. ஆனால் பழைய செய்நிரல் ஓட வேண்டும் என்பதற்காக அதை அணைத்து வைத்திருக்கும் சேவையகங்கள் உண்டு. அணைத்திருந்தால், நீளம் மிஞ்சிய சொல் வெட்டப்பட்டு எழுதப்படும், விதிவிலக்கு எழாது. தரவுத்தளம் எண்ணுவது நாம் எழுத்தென்று எண்ணுவதை அன்று. 'திருகோணமலை' என்பது நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பத்து. எட்டு இடமுள்ள புலத்தில் அது 'திருகோணம' என்று நின்றுவிடும். ஒன்பது இருந்தால் 'திருகோணமல'. பழைய லத்தீன் எழுத்துத் தொகுதியில் உருவாக்கிய புலமாக இருந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அவற்றை மீட்கவும் முடியாது. கண்டிப்பு முறை இயங்கினால் இவை முறையே 1406, 1366 என்ற வழுக்களாக எழுந்து, விதிவிலக்காக உங்கள் கைக்கு வரும்.

மூன்றாவது எஸ்கியூலைட் பயன்படுத்துபவர்களுக்கு. மருந்துக் கடையின் தனிக் கணினிக்கு அது மிகப் பொருத்தமான தரவுத்தளம். ஆனால் அயற்சாவிச் சோதனை (சுட்டிய பதிவு உண்மையில் உண்டா என்று பார்ப்பது) ஒவ்வோர் இணைப்பிலும் இயல்பாக அணைந்தே இருக்கும். இணைத்த உடனே அதை இயக்காவிட்டால், இல்லாத மருந்தின் இலக்கத்துக்கு விற்பனை எழுதினாலும் வழு வராது.

## யாருக்கு எது

புதிதாகத் தொடங்குபவர், பணமோ இடமோ மருந்தோ கணக்கில் வரும் செய்நிரலுக்கு, விதிவிலக்கு முறையைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. சட்டகம் ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் அதன் கையாளியோடு தொடங்கலாம். ஒரே தடவை ஓடும் ஏற்றுதல் வேலைக்கு மௌன முறை போதும், அந்த ஓர் இணைப்புக்கு மட்டும்.

கடினமானது பழைய செய்நிரல். இருநூறு பக்கங்களை ஒரே இரவில் மாற்ற முடியாது; முதலாளிக்கோ நாளை காலை கணினி திறக்க வேண்டும். மௌன வரியை இன்று போடுவதை நான் குறை சொல்லவில்லை, அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன். பிடிஓவில் வழு முறை இணைப்புக்கு இணைப்பு வேறாக இருக்கலாம். ஆகவே மௌன இணைப்பைப் பழைய பக்கங்களுக்கு விட்டுவிட்டு, விதிவிலக்கு எழுப்பும் இன்னோர் இணைப்பை உருவாக்கி, பணம் தொடும் பக்கங்களை முதலில் அதற்கு மாற்றுங்கள்: முன்பதிவு, முற்பணம், இரத்து, பணம் திருப்புதல். ஒரே பக்கத்தில் இரண்டு இணைப்புகளையும் கலக்கக் கூடாது; இரண்டு இணைப்பு என்றால் இரண்டு பரிவர்த்தனை, ஒன்றின் ரோல்பேக் மற்றதைத் தொடாது. மௌன இணைப்பில் எஞ்சியிருக்கும் பக்கங்களுக்கு, கூற்றை இயக்கும் செயற்கூற்றைச் சுற்றி ஓர் உறை எழுதி, 'பொய்' திரும்பும்போதெல்லாம் வழுத் தகவலைப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். அடுத்து எந்தப் பக்கத்தை மாற்றுவது என்பதை அந்தப் பதிவேடே காட்டும்.

ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றிய பின், சோதனைத் தரவுத்தளத்தில் முற்பண அட்டவணையின் பெயரை மாற்றிவிட்டு ஒரு முன்பதிவு செய்து பாருங்கள். திரையில் தமிழ் வாக்கியம் ஒன்று வர வேண்டும், பதிவேட்டில் 1146 என்ற இலக்கத்தோடு முழு விபரமும் இருக்க வேண்டும், முன்பதிவு அட்டவணையிலும் இரவு அட்டவணையிலும் ஒரு பதிவுகூட இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் இன்னும் மாறவில்லை.